விற்றவனிடம் எதற்குப் பணம் கேட்கிறார்கள்?

பங்குச் சந்தை பற்றி வரும் கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கையில் இல்லாத பங்கை விற்பது (ஷோர்ட் செய்வது), அதற்குப் புரோக்கர் கேட்கும் மார்ஜின் என்ற ஈட்டுப் பணம். அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: என் மகன் நியூ ஜேர்சியில் இருக்கிறான். ஐம்பது டொலர் விலையில் ஒரு கம்பனியின் நூறு பங்கை ஷோர்ட் செய்திருக்கிறான். தன்னிடம் இல்லாத பங்கை விற்றானாம், ஐயாயிரம் டொலர் கணக்கில் வந்ததாம், ஆனால் எடுக்க முடியாதாம், அதற்கு மேல் 2,500 டொலர் தன் கைக்காசும் போட்டானாம். இப்போது விலை 59 ஆகிவிட்டதென்று இன்னும் காசு கேட்டுச் செய்தி வந்திருக்கிறது. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கே இது விளங்கவில்லை. வாங்கினவனிடம் காசு கேட்டால் நியாயம். விற்றவனிடம் எதற்குக் கேட்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஐயா, உங்கள் மகன் விற்றவர் மட்டுமில்லை, கடன்காரரும்தான். அவர் கடன்பட்டிருப்பது காசாக இல்லை, பங்காக. இந்த ஒரு இடம் பிடிபட்டால் மிச்சமெல்லாம் நீங்கள் படிப்பித்த கணக்குத்தான்.

படுவான்கரைப் பக்கம் வைத்துப் பார்ப்போம். பெரும்போகம் வெட்ட இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, நெல் விலை உச்சத்தில் நிற்கிறது, உங்களிடம் ஒரு மூட்டையும் இல்லை. அயல் வட்டைக்காரர் ஒருவரிடம் நூறு மூட்டை கடனாக வாங்கி, அன்றைக்கே ஆலைக்காரருக்கு விற்று விடுகிறீர்கள். வெட்டு முடிந்து விலை விழுந்ததும் நூறு மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் இடையில் மிஞ்சுவது உங்களுக்கு. ஆனால் மார்கழியில் வெள்ளம் வந்து வெள்ளாமை அழிந்துபோய் விலை இரண்டு மடங்கானால் என்ன செய்வீர்கள்? நெல் தந்தவருக்கு உங்கள் நட்டம் ஒரு பொருட்டில்லை, அவருக்கு வேண்டியது நூறு மூட்டை. கடன் மூட்டைக் கணக்கில் இருக்கிறது, விலை எங்கே போனாலும் மூட்டை குறையாது.

அப்படியென்றால் நெல் தந்தவர் எதை நம்பித் தருவார்? விற்ற காசை நீ கையில் எடுக்காதே, நடுவில் ஒருவரிடம் இருக்கட்டும், அதற்கு மேல் விலை ஏறினால் சமாளிக்க உன் காசும் கொஞ்சம் வை என்பார். மகனின் கணக்கில் நடந்திருப்பது அதேதான். 5,000 டொலர் விற்ற காசு, பூட்டிக் கிடக்கும். 2,500 டொலர் மகனுடைய ஈடு. இரண்டும் சேர்த்து 7,500. அமெரிக்காவில் இந்தப் பாதிக் கணக்கை வைத்தது மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வ், ரெகுலேஷன் டி என்ற விதியில். 1934ஆம் ஆண்டின் பங்குப் பரிவர்த்தனைச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. 1974இலிருந்து அந்த 50 வீதம் மாறவே இல்லை. சில புரோக்கர்களின் திரையில் இதையே 150 வீதம் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு 7,500ஐயும் தன் கையிலிருந்து கட்ட வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 100 வீதம் விற்ற காசு, 50 வீதம் உங்கள் காசு, அவ்வளவுதான்.

இது விற்கும் நாளைக்கான கணக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேறொரு கணக்கு ஓடுகிறது, மகனைப் பிடித்தது அதுதான். அமெரிக்கப் புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் விதி, ஷோர்ட் செய்த பங்கின் அன்றைய மதிப்பில் குறைந்தது 30 வீதமாவது உங்கள் சொந்தப் பணமாகக் கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது. சொந்தப் பணம் என்பது நீங்கள் போட்ட 2,500 இல்லை. 7,500இலிருந்து, இன்றைக்கு அந்த நூறு பங்கையும் வாங்கித் திருப்பிக் கொடுக்க ஆகும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது. ஒரு கொப்பியை எடுத்து எழுதிப் பாருங்கள். விலை 50: மிச்சம் 2,500, தேவை 1,500, பிரச்சினை இல்லை. விலை 55: மிச்சம் 2,000, தேவை 1,650, மூச்சு விடலாம். விலை 59: மிச்சம் 1,600, தேவை 1,770. நூற்றெழுபது டொலர் குறைகிறது. மகனுக்கு வந்த செய்தி அந்த 170க்குத்தான் இருக்க வேண்டும், புரோக்கர் சட்டம் சொல்லும் குறைந்த அளவையே வைத்திருந்தால்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதையும் அந்தக் கொப்பியிலேயே பார்க்கலாம். விலை ஒரு டொலர் ஏறும்போது மிச்சம் நூறு டொலர் குறைகிறது, அதே நேரம் தேவை முப்பது டொலர் கூடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்குகிறது. வாங்கி வைத்திருப்பவருக்கு இந்த நெருக்கல் கிடையாது, விலை விழ விழ அவருடைய மிச்சமும் குறையும், தேவையும் குறையும். இதே நூறு பங்கை இதே 50 டொலருக்கு, பாதிக் காசு கடன் எடுத்து ஒருவர் வாங்கியிருந்தால் அவருக்குரிய குறைந்த அளவு 25 வீதம். விலை 33 டொலர் 33 சதம் வரை விழும் வரைக்கும், அதாவது மூன்றிலொரு பங்கு போகும் வரைக்கும், அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஷோர்ட் செய்தவருக்கோ விலை 57 டொலர் 69 சதத்தைத் தாண்டினாலே கூப்பாடு, அதாவது இன்னும் காசு கேட்கும் மார்ஜின் கோல். பதினைந்து வீதத்துக்குச் சற்றுக் கூட. நல்ல கம்பனிப் பங்கும் ஒரு காலாண்டு அறிக்கை வந்த இரவில் அவ்வளவு ஏறிவிடும்.

அந்த 57.69 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 7,500ஐ 1.30ஆல் வகுத்து, பங்குகளின் எண்ணிக்கையான நூறாலும் வகுத்தால் அதுதான் விடை. ஷோர்ட் செய்கிற ஒவ்வொருவரும் விற்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன்பு இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வைக்க வேண்டும் என்று நான் யாரைக் கண்டாலும் சொல்கிறேன். விலை எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த விலையில் புரோக்கர் கூப்பிடுவார் என்பது கூட்டிக் கழித்தால் தெரிந்துவிடும். மகனிடம் கேட்டுப் பாருங்கள் ஐயா, விற்கும்போது அந்த எண் தெரியுமா என்று. தெரியாது என்று சொன்னால் அவரோடு இருந்து நீங்களே கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: நான் டோஹாவில் வேலை செய்கிறேன், லீவில் வந்திருக்கிறேன். அமெரிக்கப் பங்குகளுக்கு ஒரு சர்வதேசப் புரோக்கரிடம் கணக்கு இருக்கிறது. சட்டம் 30 வீதம் என்று படித்துவிட்டுப் போனால் என் திரையில் ஒரு பங்குக்கு 100 வீதம் காட்டுகிறது, ஆறு டொலர்ப் பங்கு ஒன்றுக்கு அதைவிட விநோதமான தொகை. இன்னொரு பங்குக்குப் போன கிழமை 40 வீதமாக இருந்தது இந்தக் கிழமை 60. இவர்கள் ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், கல்முனை

பதில்: இல்லை தம்பி, ஏமாற்று இல்லை. சட்டம் சொல்வது இதற்குக் கீழே போகாதே என்கிற அடி மட்டம். அதற்கு மேல் எவ்வளவு கேட்பது என்பது புரோக்கரின் விருப்பம், ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாகக் கூட்டலாம், முன்கூட்டி அறிவிக்காமலும் கூட்டலாம். கணக்குத் திறக்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட பத்திரத்தில் இது இருக்கும். மார்ஜின் கணக்குத் திறக்கிறவருக்குப் புரோக்கர் கட்டாயம் கொடுக்க வேண்டிய ஒரு எச்சரிக்கை அறிக்கையே அமெரிக்காவில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து ஒரு முறை முழுதாக வாசியுங்கள். உங்களைக் கூப்பிடாமலே உங்கள் கணக்கில் உள்ளதை விற்கலாம், எதை விற்பது என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை, அவகாசம் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது என்பதெல்லாம் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் கீழே தள்ளிவிட்டு ஒப்புக்கொண்டேன் என்று அழுத்திய பக்கம் அதுதான்.

இந்தப் பாடத்தை நான் துபாயில் வேலை செய்த காலத்தில் படித்தேன். இருநூறு பங்கு ஷோர்ட் செய்திருந்தேன், அளவு 30 வீதம் என்று நினைத்துக் கணக்குப் போட்டு, நல்ல இடைவெளி இருக்கிறதென்று நிம்மதியாகப் படுத்தேன். காலை ஐந்து மணிக்கு எழும்பிப் போனைப் பார்த்தால் இரண்டு மின்னஞ்சல். முதலாவது இரவு 11.40க்கு வந்தது: உங்கள் பங்குக்கான அளவு 50 வீதமாக உயர்த்தப்பட்டிருக்கிறது, கணக்கில் குறைகிறது. இரண்டாவது 12.10க்கு: பங்குகள் திருப்பி வாங்கப்பட்டன. நடுவில் அரை மணித்தியாலம்தான், நான் நித்திரை. வாங்கிய விலை அந்த நாளின் உச்சத்துக்குக் கிட்ட. அடுத்த கிழமை அந்தப் பங்கு நான் நினைத்த மாதிரியே விழுந்தது, ஆனால் என் கையில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் 30 வீதத்தை வைத்துக் கணக்குப் போடுவதே இல்லை. நீங்களும் திரையில் காட்டுவது 40 என்றால் 60 ஆகும் என்று வைத்துப் போடுங்கள். மேலே ஆசிரியருக்குச் சொன்ன கணக்கில் அளவு 40 ஆக இருந்திருந்தால் கூப்பாடு 53 டொலர் 57 சதத்திலேயே வந்திருக்கும், 50 ஆக இருந்தால் விற்ற விலையிலிருந்து ஒரு சதம் ஏறினாலும் வரும்.

எப்போது கூட்டுகிறார்கள்? கடன் கொடுக்கப் பங்கு தட்டுப்பாடானால், பலர் ஒரே பங்கை ஷோர்ட் செய்து குவிந்து கிடந்தால், விலை பாய்ந்து ஆடினால், அறிக்கை வரும் நாள் நெருங்கினால். உங்கள் பங்கு 40இலிருந்து 60க்குப் போனதற்கு இவற்றில் ஒன்று காரணமாயிருக்கும், அதை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு டொலர்ப் பங்கின் விநோதத்துக்கு வேறு காரணம். 30 வீதம் என்ற விதிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது, பலரும் அதை வாசிப்பதில்லை. ஐந்து டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள பங்குக்கு 30 வீதம் அல்லது பங்கொன்றுக்கு ஐந்து டொலர், இரண்டில் எது பெரிதோ அது. ஆறு டொலரில் 30 வீதம் ஒரு டொலர் 80 சதம்தான், ஐந்து பெரிது, ஆகவே ஆயிரம் பங்குக்கு 5,000 டொலர் வேண்டும். ஐந்து டொலருக்குக் கீழே போனால் பங்கின் முழு விலை அல்லது இரண்டரை டொலர், எது பெரிதோ அது. இரண்டு டொலர்ப் பங்கை ஷோர்ட் செய்தால் விலையை விடக் கூடிய தொகையை ஈடாக வைக்க வேண்டும். மலிவுப் பங்கு ஒரே நாளில் இரட்டிப்பாவது சாதாரணம் என்பதால் வைத்த விதி அது.

கேள்வி: ஸ்டொப் லொஸ் போட்டுத்தான் ஷோர்ட் செய்கிறேன். போட்ட காசுக்கு மேலே நட்டம் வராதுதானே?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வரும். ஸ்டொப் என்பது, விலை இந்த அளவைத் தொட்டால் வாங்கி மூடிவிடு என்று முன்கூட்டியே கொடுத்து வைக்கும் கட்டளை. அது சந்தை திறந்திருந்து, விலை படிப்படியாக ஏறும்போது வேலை செய்வது. விலை படியைத் தாண்டிக் குதித்தால் குதித்து நின்ற இடத்தில்தான் உங்களுக்கு வாங்குவார்கள். 2021 ஜனவரி 26ஆம் திகதி கேம்ஸ்டொப் பங்கு ஏறத்தாழ 148 டொலரில் முடிந்தது. மறுநாள் காலை திறந்த விலை 354. இடையில் 160க்கு ஸ்டொப் போட்டவர்களுக்கு அந்த 160 என்ற விலை வரவே இல்லை. 148இல் நூறு பங்கை ஷோர்ட் செய்து, விற்ற காசு 14,800உம் ஈடாக 7,400உம் சேர்த்து 22,200 வைத்திருந்த ஒருவருக்கு, திருப்பி வாங்க 35,400 வேண்டும். போட்ட 7,400உம் போய் அதற்கு மேல் 13,200 கடன். புரோக்கர் கூடுதல் கவனமாக நூறு வீதம் ஈடு கேட்டு வாங்கியிருந்தாலும் 5,800 கடன் நிற்கும். அந்தக் கடன் உங்கள் பேரில்தான், கணக்கை மூடிவிட்டுப் போக முடியாது.

இதைவிடப் பழைய கதை ஒன்று ஜேர்மனியில் நடந்தது. 2008 ஒக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, வொக்ஸ்வேகன் பங்கு 210 யூரோ அளவில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போர்ஷே நிறுவனம், தான் நேரடியாக 42.6 வீதமும் ஒப்ஷன் என்ற ஒப்பந்தங்கள் வழியாக 31.5 வீதமும் வைத்திருப்பதாக அறிவித்தது. லோவர் சாக்சனி மாநில அரசிடம் இன்னொரு 20 வீதம் இருந்தது. கூட்டிப் பாருங்கள், சந்தையில் வாங்கக் கிடைத்தது ஆறு வீதம் கூட இல்லை, ஷோர்ட் செய்திருந்ததோ அதைவிட அதிகம். செவ்வாய்க்கிழமை விலை ஆயிரம் யூரோவைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை அந்த அறிவிப்பைப் படித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் திங்கள் காலை வரை ஒன்றும் செய்திருக்க முடியாது.

நம் ஊரிலிருந்து அமெரிக்கச் சந்தையில் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நியூயோர்க்கில் காலை ஒன்பதரை என்றால் அக்கரைப்பற்றில் இரவு ஏழு மணி, அங்கே குளிர்காலமென்றால் எட்டு. முடியும்போது இங்கே ஒன்றரை, இரண்டரை. அறிக்கைகள் பெரும்பாலும் சந்தை மூடிய பின்போ திறக்க முன்போ வரும். இரவு முழுக்கக் கண்விழித்தாலும் குதிக்கும் நேரம் கையில் இல்லை. ஆகவே உங்களைக் காப்பாற்றுவது ஸ்டொப் இல்லை, விற்கும் எண்ணிக்கை. விலை இரண்டு மடங்கானாலும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் விற்பது. பயம் கூடினவர்கள் புட் ஒப்ஷன் (விலை விழுந்தால் லாபம் தரும் ஒப்பந்தம்) வாங்கலாம், அதில் கட்டிய காசுக்கு மேல் போகாது, ஆனால் அது வேறு பாடம், வேறு இதழில் பார்ப்போம்.

கேள்வி: ஷோர்ட் செய்த பங்கின் விலை ஒரே இடத்தில் நிற்கிறது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஆனாலும் என் அண்ணனின் கணக்கில் (அவர் அமெரிக்காவில் இருக்கிறார்) நாளுக்கு நாள் காசு குறைகிறது. ஏன்?
— வாசகி, செங்கலடி

பதில்: இரவல் பங்குக்கு வாடகை போகிறது தங்கச்சி. பெரிய கம்பனிப் பங்குகளுக்கு இது கவனிக்கத் தேவையில்லாத அளவு, கிடைக்காத பங்குகளுக்கு வருடத்துக்கு இருபது, ஐம்பது, நூறு வீதம் என்றும் போகும், அதுவும் தினம் மாறும். வருடம் 20 வீதம் என்றால் 5,000 டொலர் மதிப்புக்கு நாளொன்றுக்கு இரண்டே முக்கால் டொலர் அளவில். சின்னதாகத் தெரியும், மூன்று மாதத்தில் 250 டொலர். பங்கின் விலை ஏறினால் ஏறிய மதிப்புக்கே வாடகை.

டிவிடெண்டையும் பாருங்கள். கம்பனி பங்கொன்றுக்கு அரை டொலர் கொடுத்தால் நூறு பங்கு ஷோர்ட் செய்தவர் கணக்கிலிருந்து 50 டொலர் கழிந்து, பங்கை இரவல் தந்தவருக்குப் போகும். அவருடைய பங்கை வேறொருவருக்கு விற்றுவிட்டோம், கம்பனி கொடுக்கும் காசு அந்த வேறொருவருக்குப் போய்விடும், தந்தவருக்கு யார் கொடுப்பது? நாம்தான். இவை இரண்டும் மார்ஜினைத் தின்னும். விலை அசையாமலே ஒரு நாள் கூப்பாடு வரலாம்.

பங்கைத் தந்தவர் திருப்பிக் கேட்டால், புரோக்கருக்கு வேறு இடத்தில் இரவல் கிடைக்காவிட்டால், அண்ணன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அன்றைய விலையில் வாங்கி மூடிவிடுவார்கள். எவ்வளவு மார்ஜின் குவித்து வைத்திருந்தாலும் இதைத் தடுக்காது.

கேள்வி: இஸ்லாமிய முறைப்படி இது கூடுமா?
— வாசகர், நிந்தவூர்

பதில்: நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உள்ளவன் அல்ல. ஆனால் இஸ்லாமிய நிதிக்கான தரநிலைகளை வகுக்கும் ஆஃபி (AAOIFI) அமைப்பு ஷோர்ட் செல்லிங்கை அனுமதிக்கவில்லை, வட்டிக்குக் கடன் எடுத்துப் பங்கு வாங்கும் மார்ஜினையும் அனுமதிக்கவில்லை. கையில் இல்லாததை விற்காதே என்ற நபிமொழி நீங்கள் அறிந்ததுதான். உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்கும்போது, இரவல் வாங்கி விற்பது, இரவலுக்கு வாடகை கட்டுவது, விற்ற காசு ஈடாகப் பூட்டப்படுவது ஆகிய மூன்றையும் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பாதி சொன்னால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு அப் அனுப்பியிருக்கிறார்கள். நூறு டொலர் போட்டால் ஐம்பதாயிரம் டொலருக்கு ஷோர்ட் செய்யலாமாம், மார்ஜின் பிரச்சினையே இல்லையாம். கார்டில் கட்டச் சொல்கிறார்கள். கொழும்புப் பங்குச் சந்தையிலும் இப்படி மார்ஜின் உண்டுதானே?
— இளைஞர், கல்லடி

பதில்: தம்பி, கட்ட வேண்டாம். நூறுக்கு ஐம்பதாயிரம் என்றால் ஐந்நூறு மடங்கு. விலை ஐந்நூறில் ஒரு பங்கு, அதாவது 0.2 வீதம், எதிர்ப்பக்கம் அசைந்தாலே நூறும் போய்விடும். ஒரு பங்கு ஒரு நிமிடத்தில் அவ்வளவு அசையும். மார்ஜின் பிரச்சினை இல்லை என்று அவர்கள் சொல்வதன் அர்த்தம், கூப்பிடக் கூட நேரமில்லாமல் முடிந்துவிடும் என்பது. அங்கே பங்கு இரவல் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, விலையின் மேல் அவர்களோடு கட்டும் பந்தயம் மட்டும். கட்டிய காசு யார் கையில் போகிறதென்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. இங்கிருந்து முதலீட்டுக்குக் காசு வெளியே போவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது, அதற்கென்று வங்கியில் தனிக் கணக்கு வகையே இருக்கிறது. கார்டைக் கொடுப்பதற்கு முன் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், இதற்குக் கட்டலாமா என்று நேரே கேளுங்கள். குழுவில் சேர்த்தவர் சொந்தக்காரர் என்றாலும் கேளுங்கள்.

கொழும்புச் சந்தையில் நம்மவர்கள் மார்ஜின் என்று சொல்வது பெரும்பாலும் பங்கு வாங்க எடுக்கும் கடனை, கையிலுள்ள பங்கையே ஈடாக வைத்து எடுப்பது. நகையை அடகு வைக்கிற மாதிரி என்று நினைத்தால் சரியாக விளங்கும், ஒரே வித்தியாசம், இந்த நகையின் விலையை ஒவ்வொரு நாளும் புதிதாக நிறுத்துப் பார்ப்பார்கள். மேலே நாம் கதைத்த ஷோர்ட் மார்ஜினையும் இதையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

கேள்வி: என் கணவர் கனடாவில் இருக்கிறார். இப்படித்தான் அவருக்கும் மார்ஜின் கோல் வந்திருக்கிறது. வீட்டு வேலைக்கென்று எனக்கு அனுப்பிய காசைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். நான்கு நாளைக்குத்தானாம், விலை கட்டாயம் விழுமாம். அனுப்பட்டுமா?
— வாசகி, ஆரையம்பதி

பதில்: அனுப்ப வேண்டாம் தங்கச்சி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

கூப்பாடு வந்தால் காசு கட்டுவது ஒரு வழி மட்டும்தான். கொஞ்சப் பங்கைத் திருப்பி வாங்கிக் கடனைக் குறைப்பது இன்னொரு வழி, பதற்றத்தில் பலருக்கும் இது ஞாபகம் வருவதில்லை. கனடாவில் வீதங்கள் வேறு, ஆனால் கணக்கின் போக்கு ஒன்றுதான், அதனால் முதல் கேள்வியின் எண்களையே வைத்துச் சொல்கிறேன். விலை 59, மிச்சம் 1,600, தேவை 1,770. நூறு பங்கில் பத்தை மட்டும் 590 டொலர் கொடுத்துத் திருப்பி வாங்கினால் தொண்ணூறு பங்கு நிற்கும், அதன் மதிப்பு 5,310, தேவை 1,593. மிச்சம் அதே 1,600. கூப்பாடு நின்றுவிட்டது, வெளியிலிருந்து ஒரு சதமும் வரவில்லை, ஏனென்றால் அந்த 590உம் பூட்டிக் கிடந்த விற்ற காசிலிருந்தே போகிறது. ஆனால் ஏழு டொலர் இடைவெளி மறுநாளே போய்விடும், அதனால் பத்துக்குப் பதிலாக ஐம்பதை வாங்கச் சொல்லுங்கள். அப்போது நிற்பது 2,950 டொலர் கடன், தேவை 885, மிச்சம் 1,600. விலை 70ஐத் தாண்டும் வரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் சொல்கிற மாதிரி விலை விழவும் கூடும். விழுந்தால் அந்த ஐம்பதில் லாபம் வரட்டும். அவரிடம் மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள்: எத்தனை பங்கு நிற்கிறது, இன்றைக்குப் புரோக்கர் கேட்கும் வீதம் எவ்வளவு, அடுத்த கூப்பாடு எந்த விலையில் வரும். போனில் கேட்காதீர்கள், போனில் சண்டையாகும். அவர் மூன்றுக்கும் எண்ணாகப் பதில் அனுப்பினால் அதை எனக்கு அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன். வீட்டுக் காசு அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.